தரையில் இருந்தபடியே ஆயிரத்து அறுநூறு அடி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. அதுவரைக்கும் யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்பதுதான் என் பதில். தையல் மெஷின் ஓடவில்லையா, பாத்துக்கலாம். கூரை ஒழுகுகிறதா, பாத்துக்கலாம். இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒருநாள் ஓர் ஆகாய விமானத்தில் கைவைத்தேன். நல்லவேளை, விமானம் தப்பித்தது. நான்தான் இன்றுவரை தப்பிக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டி டவுனில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழுந்துக் கூடையைத் தொடாமலே டவுனுக்கு வந்துவிட்டவன் என்ற திமிர் உடம்பு முழுக்க இருந்தது. தோட்டத்து ஆட்கள் இந்தியக் குடியுரிமையா, இலங்கைக் குடியுரிமையா என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தத் திமிரில்தான், வீட்டில் எல்லோரும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தபோது நான் மட்டும் "நீங்க போங்க, நான் இங்கதான்" என்று இலங்கைக்கு எழுதிக் கொடுத்தேன். அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். இராமநாதபுரம் பக்கம், கடலோரமாக ஓர் ஊரில் குடிசை போட்டுக்கொண்டார்கள். நான் கையைக் காட்டிவிட்டுக் கண்டிக்கு ரயில் ஏறினேன். ரயில் பேராதனைக்கு வருவதற்குள் திமிர் தீர்ந்துபோயிற்று. (திரும்பிப் போய் "மாத்திக்கிறேன்" என்று சொல்ல, அது என்ன கடையில் வாங்கின சட்டையா?)

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் பழுதான ரேடியோக்களோடுதான். கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஓர் அலுமாரி. வருவோர் போவோர் கிடையாது. மேசையில் ஒரு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு "உனக்கு என்னப்பா நோவு?" என்று கேட்பேன். அதற்குக் குரல் வந்ததும் சொந்தக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். யார் வீட்டிலோ அது பேசிக்கொண்டிருக்கும், நான் அடுத்த ஊமையைத் திறப்பேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எனக்கென்று ஒரு வேலை. எந்த ரேடியோ கையில் இருக்கிறதோ அதை முடுக்கி, அக்கரைச் செய்தியைப் பிடிப்பேன். அரசியல் எல்லாம் எனக்கு வேண்டியதில்லை. கடைசியில் வரும் வானிலைக்காகத்தான் காத்திருப்பேன். "இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை" என்று சொன்னால், அந்த ஓரிரு இடத்தில் எங்கள் குடிசை ஒன்றா என்று யோசித்துக்கொண்டே சோற்றைப் பிசைவேன். அழுகை வரும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அழுதும் இருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் ஜுனைத் டாக்டரின் ரேடியோ கடைக்கு வந்தது. அவர் பல் டாக்டர். கண்டியில் பாதிப் பேருடைய வாய்க்குள் அவர் கை போயிருக்கும். திருத்திய ரேடியோவைக் கொடுக்கப் போனபோது, ஆட்கள் காத்திருக்கும் அறையின் சுவரில் ஒரு படம் பார்த்தேன். வெள்ளையும் நீலமுமாக ஒரு குட்டி விமானம், பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி டாக்டர்.

"உங்களுதா டாக்டர்?"

"என்டதுதான். கொழும்புக்குக் கிட்ட, கடலோரமா ஈக்கிற இரத்மலானையில நிக்குது. ரெண்டு பேர் போகலாம். ஆனா இப்ப பறக்கேலாம ஈக்கி. ரேடியோ செத்துப்போச்சு, அல்டிமீட்டரும் போச்சு. வெளிநாட்டிலயிருந்து ஒரு ஆணி கூட இறக்கேலாத காலம். என்ன செய்ய?"

டாக்டர் பேச்சில் 'இருக்கிறது' என்பது 'ஈக்கி', 'முடியாது' என்பது 'ஏலா'. அல்டிமீட்டர் என்றால் உயரம் காட்டும் கருவி. இதை நான் அப்போது ஊகித்துக்கொண்டேன். ஊகம் சரிதான், அதற்குப் பிறகு ஊகித்ததுதான் ஒன்றும் சரியில்லை.

"மேல போனா எவ்வளவு தூரம் தெரியும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"மன்னாருக்கு மேல நின்டா, வானம் தெளிவா ஈந்தா, இந்தியாக் கரையே தெரியும். நான் ரெண்டு தரம் பாத்தீக்கிறேன்."

 பாஸ்போர்ட் எடுத்து, விசா எடுத்து, கப்பல் டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர எனக்கு எத்தனை வருடமாகுமோ தெரியாது. இந்த மனிதர் அம்மா இருக்கும் கரையைச் சும்மா ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்!

"பிளேன் சாமானெல்லாம் எனக்கு நல்லாப் பழக்கம் டாக்டர். பாத்துக்கலாம்" என்றேன். (பழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. கடையில் எனக்குப் பழக்கமான பெரிய மெஷின் டெஸ்ட் மீட்டர்தான்.)

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருப்பதாகவும், காலமாகிப்போன அவருடைய கணவர் விமானக் கருவிகள் திருத்தும் வேலையில் இருந்தவர் என்றும், அவர் பெட்டியில் என்னென்னவோ இருப்பதாகவும் பல் பிடுங்க வந்த யாரோ சொல்லியிருந்தார்களாம். "எனக்கு வாரம் முழுக்க ஆள் ஈக்கி, போகேலா. நீ போய்ப் பாத்து எடு மகன். சரியான உயரம் காட்டுதான்டு ஒன்டுக்கு நாலு தரம் பாரு. நம்பக்கூடியதா ஈக்கணும். அதுல ரெண்டு உசுரு தொங்கும்."

"மத்த உசுரு யாரு டாக்டர்?"

"ஞாயித்துக்கிழமை மன்னார்ப் பக்கம் போறேன். நீ சாமானைச் சரியா எடுத்துத் தந்தா, மத்த சீட் ஒனக்குத்தான்."

அன்று நான் கடைக்கு நடந்து போகவில்லை. பறந்துதான் போனேன்.

அடுத்த நாளே கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். ஆற்றோரமாகச் சின்ன வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். "வாரும் தம்பி, கதிரையில இரும்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். வீட்டுக்கு ஆள் வந்து நாளாகிவிட்டது என்பது எனக்கு உடனே புரிந்தது. இந்த விஷயத்தில் மட்டும் நான் நிபுணன்.

பிறகு பெட்டியைத் திறந்தார். முதலில் ரேடியோ. பெட்டரி கொடுத்ததும் ஜம்மென்று உயிர் வந்தது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், அதைச் சரியாகச் செய்தேன். அந்தத் தெம்பில்தான் அடுத்ததற்குப் போனேன்.

அல்டிமீட்டர் நான்கு இருந்தன. பார்க்க மணிக்கூடு மாதிரிதான். வட்ட முகம், உச்சியில் பூச்சியம், சின்ன முள் ஆயிரம் அடிகளைக் காட்டும், பெரிய முள் நூறு அடிகளைக் காட்டும். "அவர் இதுகளைத் துடைச்சுத் துடைச்சு வைப்பார் தம்பி. சாகிறதுக்கு முதல் கிழமையும் துடைச்சவர்" என்றார் அந்த அம்மா.

நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதலாவது, ஆயிரத்து அறுநூறு அடி காட்டியது. மேசைமேல் இருக்கும் சாமான் ஆயிரத்து அறுநூறு அடி உயரத்தில் இருக்கிறதாம்! சிரிப்பு வந்தது. இரண்டாவதும் ஆயிரத்து அறுநூறு. மூன்றாவதும் அதே.

விடுவேனா? தரையில் வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு. கதிரையில் ஏறி நின்று தலைக்குமேல் பிடித்துப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு. "கவனம் தம்பி, அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆடும்" என்றார் அந்த அம்மா. இறங்கி, மூன்றையும் தூக்கிக்கொண்டு மகாவலிக் கரைக்கே போனேன். தண்ணீரின் ஓரத்தில், ஒரு கல்லின்மேல் வைத்தேன். பெரிய முள் ஒரு நூலளவு அசைந்தது, அவ்வளவுதான். அப்படியானால் ஆறும் ஆயிரத்து அறுநூறு அடி உயரத்தில் ஓடுகிறதா? பொய் சொல்வதும் போதாது, நிலையாகவும் நிற்கவில்லை! (ஆறு அந்த உயரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கும்.)

நான்காவதுதான் தங்கம். மேசையில் வைத்தால் பூச்சியம். தரையில் பூச்சியம். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனாலும் பூச்சியம். அதற்கு மட்டும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இது ஏம்மா துணி?"

"தெரியேல்லைத் தம்பி. அவர்தான் கட்டி வைச்சவர். இதைத் தொடாதே எண்டு சொல்லுவார்."

எங்கள் தோட்டத்துக் கோயிலில் சாமிக்கு நேர்ந்து வைத்ததற்குத்தான் சிவப்புத் துணி கட்டுவோம். அப்படியென்றால் மனிதர் உயிராக வைத்திருந்த சாமான் இதுதான் என்று முடிவு கட்டினேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். நிபுணன் இல்லையா, அபிப்பிராயம் சொல்லாமல் எப்படி வருவது? "ஐயா வச்சிருந்ததில இது ஒண்ணுதாம்மா உருப்படி. மத்த மூணும் கெட்டுப்போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்றேன்.

அந்த அம்மா மூன்றையும் எடுத்து, சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "அவர் திருத்தினால் பிழை வராது எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை" என்றார், எனக்கில்லை, பெட்டிக்கு. நான் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டு, தலையில் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு, இரத்மலானைக்குப் போக டாக்டரின் காரில் ஏறினேன். பொட்டலத்தைப் பிரித்து அல்டிமீட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா கீழே வாசலில் நின்று பார்ப்பாளா, பார்த்தால் கையைக் காட்டலாமா, விமானத்தில் ஜன்னல் திறக்குமா என்றெல்லாம் எனக்கு யோசனை.

பேராதனையில் டாக்டர் கேட்டார். "எப்பிடி, சரியாக் காட்டுதா?"

"துல்லியம் டாக்டர்."

கடுகண்ணாவை தாண்டி, கார் வளைந்து வளைந்து இறங்கியது. காது அடைத்தது. மாவனல்லையை நெருங்கும்போது டாக்டர் மறுபடி கேட்டார். "இப்ப எவ்வளவு கொறஞ்சீக்கி?"

"கொறையுறதா?" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இது கொறையவே கொறையாது டாக்டர். கண்டியில காட்டுனதுதான் இங்கயும். ஒரு மயிரிழை அசையணுமே! நீங்க நம்பக்கூடியதுன்னு கேட்டீங்க, இத விட நம்பக்கூடியது ஒலகத்திலயே கெடையாது."

கார் நின்றது. டாக்டர் திரும்பி என் மடியைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். சிவப்புத் துணியைப் பார்த்தார். பிறகு காரைத் திருப்பினார்.

ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கார் திரும்பவும் மலையேறி, கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் போய் நின்றது. டாக்டர் என்னைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரயிலுக்கு நின்ற முப்பது நாற்பது பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்ப் பெயர்ப் பலகைக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

"வாசி."

"கடுகண்ணாவை."

"அதுக்குக் கீழ?"

கீழே இந்த இடம் கடல்மட்டத்திலிருந்து இத்தனை அடி உயரம் என்று எழுதியிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் அடி. நம் ஊரில் ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் அது எழுதியிருக்கும். நானும் அதற்குக் கீழே நின்று எத்தனையோ தடவை கடலை தின்றிருக்கிறேன்.

"சத்தமா வாசி, எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இப்ப நீ எவ்வளவு ஒசரத்துல நிக்கிறாய்?"

"தரையில டாக்டர்."

மேடையில் நின்ற யாரோ குபீரென்று சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. சிங்களத்தில் ஒருவர் இன்னொருவருக்கு விளக்கிச் சொன்னார், அவரும் சிரித்தார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. 

"அல்டிமீட்டர் கடலிலயிருந்துதான்டா கணக்குப் பாக்கும், ஒன்ட மேசையிலயிருந்தில்ல. கண்டியில ஆயிரத்தறுநூறு காட்டுனா அது நல்லது. இது முள் எறுகி அசையாமப் போன சாமான். இரத்மலானைக்குப் போயீந்தா அங்க நெசமாவே பூச்சியம். மெக்கானிக்கும் சரின்டு பூட்டித் தந்தீப்பான். பொறகு மேகத்துக்குள்ள போயீந்தா? மலை வந்து முட்டுற வரைக்கும் தரையில ஈக்கிறோம்டு இது சொல்லிக்கிட்டே ஈந்தீக்கும். யா அல்லாஹ்! இந்தச் சிவப்புத் துணி என்னத்துக்குன்டு நெனச்சாய்?"

"சாமிக்கு..."

"பழுதுன்டு அர்த்தம்! கையை வைக்காதேன்டு அர்த்தம்!"

திரும்பி வரும்போது நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே முன்னால் உட்கார மனமில்லை. வானம் அன்று கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அந்தக் கரை தெரிந்திருக்கும்.

டாக்டர் வேறு அல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் பறந்தார் என்று முடித்தால் நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. கதை டாக்டர் வீட்டம்மாவின் காதுக்குப் போயிற்று. "பிளேனா நானா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் விமானம் கை மாறிவிட்டது. டாக்டர் என்னைத் திட்டவேயில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். பல் பிடுங்க வருபவர்களிடம் வாயைத் திறக்கச் சொல்லி, கருவியை உள்ளே விட்டபிறகு இந்தக் கதையைச் சொல்வார். பாவம், அவர்களால் சிரிக்கவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. ஒரு வருடத்தில் கண்டி முழுக்க நான் 'தரையில டாக்டர்' ஆகிவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு உறுத்தியது வேறு. திங்கட்கிழமை சாயங்காலமே கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். பெட்டி வாசலில் இருந்தது. "பழைய சாமான் எடுக்கிற போத்தல் பேப்பர்காரன் காலமை வந்தவன். குடுக்க மனம் வரேல்லை" என்றார் அந்த அம்மா.

"கெட்டுப்போனது அந்த மூணும் இல்லம்மா, நாந்தான்" என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். மேடையில் பலகை வாசித்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அவர் திருத்தினது சரிதானோ?"

"மூணும் சரிம்மா. மூணும் ஒண்ணுபோல ஒரே உயரத்தைத்தான் காட்டுது. துணி கட்டினதும் சரிதான். அவர் ஒரு இடத்திலயும் பிழை விடல."

"ஓம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தேத்தண்ணி போட்டார். குடித்து முடித்ததும் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "இதை நீர் கொண்டு போம். மற்ற ரெண்டும் ஒண்டுக்கொண்டு துணையா இஞ்ச இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கொழும்பில் இருக்கும் மகளோடு இருக்கப் போகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் தேத்தண்ணி குடித்தேன்.

அந்தக் கரையைப் பார்க்க எனக்கு இன்னும் எட்டு வருடம் ஆயிற்று, அதுவும் கப்பலில்தான். அல்டிமீட்டரையும் கொண்டு போனேன். கண்டியில் ஆயிரத்து அறுநூறில் இருந்த முள், ரயில் இறங்க இறங்கத் தானும் இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வீட்டு மண் தரையில் வைத்தபோது இரண்டு முள்ளும் உச்சிக்கு வந்துவிட்டன. பூச்சியம், நிஜமான பூச்சியம். நான் இத்தனை வருடம் தேடிய பூச்சியம்!

அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். அம்மா நரைத்துப்போயிருந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கருவியின் முகத்தைப் பார்த்தாள். "என்னடா இது, மணிக்கூடு ஓடலியே. கெட்டுப்போனதையா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்த?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே புத்தி.

நான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்பதை அதைக் காட்டி விளக்கினேன். "இந்த முள்ளு மேல ஏறி இங்க வந்தா, அது கண்டிம்மா, அங்கதான் நான் இருக்கேன்." அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மழை வருவதற்கு முன்னால் காற்றின் அழுத்தம் குறையும். அப்போது இந்தக் கருவி தான் மேலே போவதாக நினைத்துக்கொண்டு முள்ளைக் கொஞ்சம் ஏற்றும். இதை அம்மாவிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த ஐப்பசியில் தங்கச்சி கையெழுத்தில் கடிதம் வந்தது. "நேத்து முள்ளு தானா ஏறிச்சு. நீ கிளம்பிட்டியோன்னு அம்மா வாசல்லயே உக்காந்திருந்துச்சு. ராத்திரி நல்ல மழை."

அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கருவி இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. அந்த வீட்டில் மழை வரப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை. முள் ஏறினால் "மாமா வர்றாரு" என்பார்கள். துணி எடுப்பதும், விறகை உள்ளே போடுவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குடை கொண்டு போவதும் என் பெயரைச் சொல்லித்தான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது யாரோ "மாமா வர்றாரு" என்று கத்த, எல்லோரும் எழுந்து கொடிக்கு ஓட, வந்தவர்கள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்களாம்.

கண்டியில் இப்போதும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். போன வாரம் தங்கச்சி மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, இன்னைக்கு நீங்க நூத்தம்பது அடி வந்துட்டீங்க. இன்னும் ஆயிரத்து நானூத்தம்பதுதான்."

"சரிம்மா" என்றேன். "துணிய எடுத்து உள்ள போடு."